மயிர்க்காலும் மூன்று மொட்டையும்

பதினெட்டு வருடமாக ஒரே பெண்கள் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். தவளையின் இதயம், மனிதனின் சிறுநீரகம், இனப்பெருக்க மண்டலம் என்று எதையும் கூச்சப்படாமல் நடத்திவிடுவேன். தோல் பாடம் வந்தால் மட்டும் ஓரிடத்தில் நாக்கு இழுத்துக்கொள்ளும். தோலின் குறுக்குவெட்டுப் படத்தில் வியர்வைச் சுரப்பிக்கும் எண்ணெய்ச் சுரப்பிக்கும் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் 'மயிர்க்கால்' என்று அச்சடித்திருப்பார்கள்.

இனப்பெருக்கத்துக்குச் சிரிக்காத பிள்ளைகள் இதற்குச் சிரிப்பார்கள். சிரிப்பு கடைசி பெஞ்சில் தொடங்கி முன்னால் வரும். அவர்கள்மேல் தப்பில்லை. பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் சண்டை போடுகிறவர்கள் வாயில்தான் அந்தச் சொல்லின் முதல் பாதியை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அதற்குப் பெயர் முடி. எனக்கும் அதே பழக்கம்தான். அதனால் கரும்பலகையில் படத்தை வரைந்து, அந்தக் கோட்டின் முனையில் 'ரோமக்கால்' என்று எழுதிவிட்டு அவசரமாக அடுத்த கோட்டுக்குப் போய்விடுவேன். பரீட்சையில் எப்படி எழுதினாலும் மார்க் உண்டு என்று ஒரு சலுகையும் கொடுத்திருந்தேன்.

இதைக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்தவர் தமிழம்மா. எங்கள் பள்ளியில் தமிழாசிரியைக்கு அதுதான் பெயர். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் இருந்தது பாதிச் சுவர்தான். நான் சொல்வது அத்தனையும் அவர் காதில் விழும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் டிஃபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஆரம்பித்தார்.

"ஏன் டீச்சர், இருக்கற சொல்ல விட்டுட்டு எதுக்கு ரோமத்தப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க?"

"பிள்ளைங்க சிரிக்குதுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. ரெண்டு நிமிஷம் சிரிச்சுட்டு அதுங்களே எழுதிக்கும். பழைய நூல்ல எல்லாம் இந்தச் சொல் கூச்சமில்லாம வருது. பேப்பர்காரன் மயிரிழைல உயிர் தப்பினார்னு போடுறான், யாராவது சிரிக்கிறாங்களா? மயிர்க்கூச்செறியும் சாகசம்னு போஸ்டர் ஒட்டுறான். ஒரு சொல்ல வசவுக்கு எடுத்துக்கிட்டாங்கன்னா அதுக்காக நாம அத வீட்ட விட்டுத் துரத்திடறதா?"

நான் பேச்சை மாற்ற, அது சரி, அதென்ன கால் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சாப்பாட்டு நேரம் முடியப்போகிறவரை விடவில்லை. கட்டில்கால், பந்தக்கால் என்று ஊன்றி நிற்பதெல்லாம் கால். முடி ஊன்றி நிற்கிற இடம் என்று ஒரு பொருள் எடுக்கலாம். வாய்க்கால் என்கிறோம், அங்கே கால் என்பது ஒன்று வெளியே வருகிற வழி. நாற்றங்கால் என்கிறோம், அங்கே முளைத்து வளர்கிற இடம். மூன்றும் பொருந்துகிறது. எது முதலில் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். வடமொழிக்காரர்கள் ரோமகூபம் என்று வைத்தார்கள், கூபம் என்றால் கிணறு, அவர்களுக்கு அது கிணறாகத் தெரிந்திருக்கிறது என்றார். உங்கள் ரோமக்கால் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கிறது, அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று முடித்துவிட்டு, ஆறிப்போன புளிச்சாதத்தைச் சாப்பிட்டார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் சொன்னதற்காக நான் மாறவில்லை. அடுத்த வருடமும் ரோமக்கால்தான் எழுதினேன். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமென்றே ஒரு இருமல் கேட்டது.

மூன்று வருடத்துக்கு முன், சித்திரை வெயிலில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. நான் உயிரியல் படித்தவள், அதனால் மூன்றாம் நாளே தஞ்சாவூருக்குப் போய்விட்டேன். சதைப் பரிசோதனை முடிவு வந்தது. கோடை விடுமுறையிலேயே ஆபரேஷன் முடிந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், ஐப்பசி வரை போகும் என்றார் டாக்டர். முதல் மருந்துக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டிவிடும் என்றும் சொன்னார்.

"திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டேன். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவள் இதைக் கேட்டேன்.

"வரும்மா. ரூட் அப்படியேதான் இருக்கும். மருந்து போற வரைக்கும் வேலை செய்யாது, அவ்வளவுதான். நிறுத்தின மூணு நாலு மாசத்துல வந்துடும்."

இதை நானே பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். உடம்பில் ஓயாமல் பிரிந்து பெருகுகிற செல்களில் மயிர்க்காலின் அடியில் இருப்பவையும் சேர்த்தி. பெருகுகிற எதையும் அடிக்கிற மருந்து அவற்றையும் அடிக்கும். பாடம் தெரிந்திருந்தும், தலையைத் தடவிக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

எனக்குச் சாவைவிட 'ஐயோ பாவம்' பிடிக்காது. இது என் குணம், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊரில் ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து வரிசையாக உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த சாவுக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். வகுப்பில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிற பார்வை மாறும். அதெல்லாம் வேண்டாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் விவசாயம் பார்க்கிறவர். சொந்தத்தில் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமும் வைத்திருக்கிறார். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். வரப்பிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே வழி சொன்னவர் அவர்தான்.

"கொட்டறதுக்கு முன்னாடி நாமளே எறக்கிடுவோம். கோயிலுக்கு வேண்டுதல்னு சொல்லிடு. மொட்டையப் பார்த்து யாரு என்ன கேக்கப் போறாங்க?"

எங்கள் பக்கத்தில் அது உண்மை. சந்தனம் பூசின தலையோடு ஒரு பெண்பிள்ளை பஸ்ஸில் ஏறினால் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பார்த்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வேண்டுதல் என்பது எங்களுக்கு ஒரு நல்ல போர்வை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று விலக்கிப் பார்ப்பது மரியாதையில்லை.

முதல் மருந்து ஏறிப் பதினான்காம் நாள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். மொட்டைக் கொட்டகையில் இருந்தவர் தலையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்ததும் அவர் விரலோடு கொத்தாக வந்தது. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். புது பிளேடை உடைத்துச் செருகி, குழந்தைக்கு மழிப்பது போல மெதுவாக மழித்தார்.

இரண்டு நாள் தலையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு அவையும் தலையணை உறையில் மிளகுத்தூள் மாதிரி உதிர்ந்தன. அதன் பிறகு என் தலை வழுவழுவென்று ஆகிவிட்டது.

பள்ளி திறந்தது. சந்தனத்தோடு போனேன். தலைமையாசிரியைக்கு மட்டும் விஷயம் தெரியும்; லீவுக்காகச் சொல்ல வேண்டியிருந்தது, அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கோயில் எது, கூட்டமா என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். தமிழம்மா விடவில்லை.

"என்ன டீச்சர், சாமி கும்பிடவே உங்களுக்கு நேரம் இருக்காதே. முழு மொட்டை போடற அளவுக்கு அப்படி என்ன வேண்டுதல்? பூமுடி குடுத்தா போதாதா?"

பூமுடி என்றால் மூன்று கொத்து மட்டும் கத்தரித்துக் கொடுப்பது. படித்த, வேலைக்குப் போகிற பெண்கள் பெரும்பாலும் அதோடு முடித்துக்கொள்வார்கள். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. நான் பொய்க்குத் தயாராகப் போகவில்லை. அதனால் வாயில் உண்மையில் பாதி வந்துவிட்டது.

"மார்ல கட்டி மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது. பயந்துட்டேன். அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். அப்புறம் பார்த்தா ஒண்ணுமில்ல, கரைஞ்சு போச்சு."

அவர் சிரிக்கவில்லை. கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. "நல்லதா போச்சு" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.

ஆடி வந்தது, ஆவணி வந்தது, முடி வரவில்லை. மொட்டை போட்ட பிள்ளைக்கு மூன்று மாதத்தில் கிராப்பு வெட்டுகிற அளவு வளர்ந்துவிடும் என்று ஊருக்கே தெரியும். சந்தனத்தை நிறுத்திவிட்டு ஸ்கார்ஃப் கட்டத் தொடங்கினேன். எங்கள் பள்ளியில் முக்காடு போட்டு வருகிற பிள்ளைகள் நிறைய. அவர்களில் ஒருத்தி, "டீச்சர், இந்தப் பின்ன இங்க குத்துனா நழுவாது" என்று காட்டிக்கொடுத்தாள். புருவமும் போனது. பென்சிலால் வரைந்துகொண்டேன், படம் வரைந்து பழகின கை என்பதால் நன்றாகவே வந்தது.

தமிழம்மா ஒருநாள் நேராகவே கேட்டார். "இன்னுமா வளரல?"

"மூணு மொட்டை வேண்டியிருக்கேன் தமிழம்மா. ரெண்டு முடிஞ்சுது."

இப்படி ஒரு வேண்டுதல் உண்டு என்பதால் நான் சொன்னது எடுபட்டது. சொன்னதும் எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரு திருப்தி. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மருந்து ஏற்றிக்கொண்டு வாந்தி எடுத்துக் கிடந்த அந்த மாதங்களில் நாங்கள் சிரித்த சில தடவைகளில் அதுவும் ஒன்று.

தீபாவளி கழிந்து, சம்பா நடவு முடிந்து, வயல் பச்சை கட்டியிருந்த நேரம். தமிழம்மா திங்களும் செவ்வாயும் லீவு போட்டார். புதன்கிழமை காலை பிரேயரில் பார்த்தால் தலையில் முடி இல்லை. சந்தனம் காய்ந்து பிடரிப் பக்கம் உதிர்ந்துகொண்டிருந்தது. இடுப்புவரை தொங்குகிற பின்னல் அவருக்கு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி லேபுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து எலுமிச்சம்பழமும் குங்குமமும் எடுத்து மேஜையில் வைத்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் அவர்கள் குலதெய்வம், ஞாயிற்றுக்கிழமை போய் இறக்கிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லல டீச்சர். உங்ககிட்டதான் சொல்லணும்னு வந்தேன். எனக்கும் அதேதான்."

"என்ன அதே?"

"கட்டி. ஆடி மாசமே தெரிஞ்சுது. உங்களுக்கு வேண்டிக்கிட்டதும் கரைஞ்சுதுன்னீங்கள்ல, அத நெனச்சு அப்பவே நானும் வேண்டிக்கிட்டேன். கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு. வேண்டிக்கிட்டு முடி குடுக்காம இருந்தா எப்படிக் கரையும்? அதான் போய் குடுத்துட்டு வந்தேன்." அவர் முகம் தெளிவாக இருந்தது. "உங்களுக்குக் கேட்ட தெய்வம் எனக்குக் கேக்காதா?"

ஆடியிலிருந்து ஐப்பசி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், நான்கு மாதம். தமிழில் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற பெண், எங்கே வருகிறது, யார் சொன்னது என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாத பெண், நான் சொன்னேன் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறார். சயின்ஸ் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஸ்கார்ஃபின் பின்னைக் கழற்றினேன். ஸ்கார்ஃபை எடுத்து மேஜையில் வைத்தேன். அவருடைய கையைப் பிடித்து அவர் தலையிலேயே வைத்துத் தடவவிட்டேன். மூன்று நாள் தலை. சந்தனத்துக்கு அடியில் முள் முள்ளாகக் குத்தியது. பிறகு அதே கையை என் தலையில் வைத்தேன்.

அவர் விரல் என் தலையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனது. ஒரு முள்கூடக் குத்தவில்லை. பக்கத்தில் வந்து பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தார், பென்சில் அழிந்தது.

"மழிச்ச தலைக்கு மயிர்க்கால் மறுநாளே வேலைய ஆரம்பிச்சுடும் தமிழம்மா" என்றேன். "எனக்கு அஞ்சு மாசமா அது வேலை செய்யல. மருந்து ஏத்திக்கிட்டு இருக்கேன். எனக்குக் கட்டி கரையல. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. கேன்சர்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்து மறுபடி மஞ்சள் பைக்குள் போட்டார். அழவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சொல்லியிருக்கலாமே டீச்சர். ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லியிருக்கலாமே. ஆடியிலயே போயிருப்பேனே."

எனக்குப் பாவம் பார்த்தால் பிடிக்காது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மன்னிச்சுடுங்க என்றேன். அது என் காதிலேயே சின்னதாகக் கேட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். நான் ஸ்கார்ஃப் கட்டவில்லை, இரண்டு பேரும் மொட்டை. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது, "எந்தக் கோயில்மா, ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். தமிழம்மா அவருக்கு ஏதோ பதில் சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என்னைப் பார்த்த அதே டாக்டர்தான். என் கட்டி புளியங்கொட்டை என்றால் தமிழம்மாவுடையது இலந்தைப் பழத்தைத் தாண்டியிருந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. எனக்கு மருந்து ஐந்து மாதம்; அவருக்கு வைத்தியம் ஒரு வருடத்துக்கு மேல் போனது, எங்கள் பக்கம் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், மார்பை முழுதாக எடுத்தார்கள். தை மாதம் என் தலையில் பூனைமுடி மாதிரி முளைத்து, பங்குனியில் சுருட்டையாக வளர்ந்தது; எனக்கு அதற்கு முன் சுருட்டை கிடையாது. அவருக்கு முடி வர இன்னொரு தை ஆனது. நரையாகவே வந்தது. இப்போது பள்ளிக்கு வருகிறார். இடது கை வீங்கிக்கொள்ளும், அதனால் கரும்பலகையில் எழுதும்போது நோட்டை அந்தக் கையில் பிடிக்க முடியாமல் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் முடிவு வருகிறவரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. இதுவரை நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது.

நோய் என்னவென்று அவர் எல்லோருக்கும் சொன்னார். என் விஷயத்தையும் நானே சொல்லிவிட்டேன். ஆரஞ்சுப் பழங்கள் வந்தன. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் சாவுக் கதை சொன்னார்கள், சிலர் தங்கள் வீட்டுப் பெண்களைச் சோதனைக்குக் கூட்டிப் போனார்கள்.

ஆனால் அந்த முதல் நாள் டாக்டர் அறையில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட இல்லை. டாக்டர் ஸ்கேன் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார்.

"நாலு மாசமா கைக்குத் தெரியுதுன்னு சொல்றீங்க. படிச்சவங்க, டீச்சர் வேற. ஏம்மா இவ்வளவு நாள் வரல? யாராவது வேணாம்னு சொன்னாங்களா?"

தமிழம்மா என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த மஞ்சள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாதான் பயந்துக்கிட்டு இருந்துட்டேன். என் தப்புதான்."

டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு என்னைக் காட்டி, "இவங்களப் பாருங்க, மூணாம் நாளே வந்தாங்க. இவங்க மாதிரி இருக்கணும்" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.